நெவ்வின் இடது பக்கம்

சென்ற மாதம், நான் வேலை செய்து ஓய்வு பெற்ற எக்ஸ்ரே பகுதிக்கு ஒரு பிரியாவிடைத் தேநீருக்காகப் போயிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹரிணி எங்கள் குடும்ப நண்பரின் மகள், ஆக்லாந்திலேயே பிறந்தவள். கணினித் திரையில் ஒரு நெஞ்சுப் படத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினாள். இதயம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியது.

"திருப்பிப் போடும், பிள்ளை," என்றேன்.

"ரிலாக்ஸ், அங்கிள். ஜஸ்ட் ஷோயிங் யூ."

என் முகம் ஏன் மாறியது என்று கேட்டாள். நெவ் என்ற ரக்பி ஆட்டக்காரரைப் பற்றிச் சொன்னேன். கேக்கைச் சாப்பிட்டபடி முழுவதும் கேட்டுவிட்டு, "ஐ டோன்ட் கெட் இட், அங்கிள். ஆர் ஆரை ஏமாத்தினது?" என்றாள். எழுதிப் பார்த்தால் தெளியலாம் என்றும் சொன்னாள். முப்பது வருடங்களுக்கு மேலாக எனக்கும் தெளியாத விஷயம் அது. ஆகவே முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

கொழும்பில் படித்து, அங்கேயே சில வருடங்கள் வேலை செய்து, எண்பதுகளின் நடுவில் நானும் மனைவி மலரும் ஆக்லாந்துக்கு வந்தோம். மறுபடி ஒரு பரீட்சை எழுதி, ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவனாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

அந்தப் பகுதிக்குத் தலைவி ஃபிலோமினா அக்கா. மலேசியாவில் ஈப்போக்காரர், லண்டனில் படித்தவர். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். மற்றவர்கள் முன்னால் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். இருட்டறையில் தனியாக இருக்கும்போது மட்டும் தமிழ். ஏச்சும் தமிழில்தான் வரும் என்பதால் "கொஞ்சம் இருட்டறைக்கு வா" என்று கூப்பிட்டால் எனக்கு விளங்கிவிடும். ஒரு படம் கைக்கு வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு மூலையில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பார். அடுத்தது பெயர். கடைசியாகத்தான் படம்.

அந்த எழுத்து என்னவென்று சொல்ல வேண்டும். அன்று கணினி இல்லை. ஃபிலிம் வைத்த தட்டையான பெட்டியின் மூலையில், ஈயத்தில் வார்த்த ஒரு சிறிய எல் அல்லது ஆர் எழுத்தை ஒட்டுவோம். கதிர் ஈயத்தைக் கடக்காது. எழுத்து படத்தில் வெள்ளையாக விழும். அது இடதா வலதா என்பதற்கு அந்த எழுத்து ஒன்றுதான் சாட்சி. கதிர் போகுமுன் ஒட்ட வேண்டும். பிறகு ஒட்டுவது என்ற பேச்சே இல்லை. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பெயரின் முதலெழுத்துப் பொறித்த சொந்த ஜோடி வைத்திருந்தோம். நான் எல் எழுத்தை இடது பையிலும் ஆர் எழுத்தை வலது பையிலும் வைப்பேன்.

எனக்கு அதில் ஒரு பழைய வினை இருந்தது. கொழும்பில் நான் வேலை செய்த இடத்தில் எல் எழுத்து எனக்கு முன்பே தொலைந்துவிட்டிருந்தது. எந்தப் படத்துக்கும் ஆர்தான். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த புதிதில் ஒரு பெண்ணின் இடது கைக்கு ஆர் ஒட்டிவிட்டேன். இருட்டறைக்குக் கூப்பிட்டார்.

"என்னா இது? எந்தக் கையால சாப்பிடுற நீ?"

"வலது கையாலை, அக்கா."

"அப்ப மத்தது லெஃப்ட்டு. இதுகூடவா நான் சொல்லித் தரணும்?"

அதன்பிறகு நான் எழுத்தை ஒட்டுமுன் சாப்பிடும் கையை ஒருமுறை நினைத்துக்கொள்வேன்.

நெவ்வைச் சந்தித்தது மருத்துவமனையில் அல்ல. ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு மாடியில் இருந்தது. பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கிக் கீழே நிறுத்திவிட்டு, நானும் மலரும் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிரே இருந்த டெரி என்னும் மூலைக்கடையில் பால் வாங்க வந்த பெரிய உருவமுள்ள ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். அவருக்குக் கழுத்து என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. "மேட், ஒரு பக்கமா நில்லும்," என்றார். குளிர்ப்பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தனியாகவே மேலே கொண்டுபோய் வைத்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான்; எனக்கு ஞாபகம் இருப்பது எங்கள் பேச்சாக மாறிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

மலர் கோழிக்கறியும் சோறும் போட்டாள். அவர் வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டு இன்னும் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, உவருக்கு உறைக்குது. தண்ணி குடுங்கோ," என்றாள் மலர்.

"என்ன சொல்லுறா?"

"உமக்கு உறைக்குதாம்."

"உறைக்குதுதான். சட்டியை எடுத்துப்போடாதேங்கோ எண்டு சொல்லும்."

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் ஒரு சிறிய ஊர்க்காரர். ரக்பி ஆட்டக்காரர். ஸ்க்ரம் என்று இரண்டு அணிகளும் தலைகுனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுமே, அதில் முன்வரிசையில் நிற்பவர். அந்த நாளில் ரக்பிக்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஒனிஹங்காவில் ஒரு மரக்காலையில் பலகை ஏற்றினார், மாலையில் பயிற்சிக்குப் போனார். அவரைப் பற்றி அணிக்காரர்கள் ஒரு கேலி வைத்திருந்தார்கள்: சூட்கேஸ் நெவ். எந்த அணியிலும் நிலைக்க மாட்டார். பிரிஸ்பேனில் இரண்டு அணிகள், சிட்னியில் ஒன்று, இடையில் எங்கோ கிராமத்தில் ஒன்று, பிறகு இங்கே. மாநில அணிக்கு ஒருமுறை பெயர் வந்தபோது முழங்கால் வலி என்று தானே விலகிவிட்டாராம். நல்ல ஆட்டக்காரர், தலைதான் சரியில்லை என்பார்கள். அந்த வருடம் அவருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார் என்றும், தேசிய அணிக்கு அதுதான் தன் கடைசி வாய்ப்பு என்றும் மலரிடம் கறி வாங்க வந்தபோது அவரே சொன்னார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை அவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவசரப் பிரிவு முழுக்கச் சேறாக இருக்கும். சப்பாத்து ஆணிகள் தரையில் தட்டும் சத்தம் எக்ஸ்ரே அறைவரை கேட்கும். நெவ் சக்கர நாற்காலி வேண்டாமென்று நடந்தே வந்தார். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. நெஞ்சைச் சுற்றி வெள்ளை ஒட்டுப் பிளாஸ்டர். எப்போதுமே அப்படிச் சுற்றிக்கொண்டுதான் ஆடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவசரப் பிரிவு டாக்டர் எழுதிய சீட்டில் "நெஞ்சில் அடி, வலது பக்கம் வலி" என்றிருந்தது. ஆனால் நெவ் தன் இடது முழங்கையை விலாவோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"வலது பக்கமோ நோகுது?"

"அப்பிடித்தானே எழுதியிருக்கு."

அவரை ஃபிலிம் பெட்டிக்கு முகம் கொடுத்து நிறுத்தினேன். நாடி, அதாவது மோவாய், மேலே. புறங்கைகள் இடுப்பில். தோள்கள் முன்னே உருள வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழும். ஆனால் அவருடைய தோள்கள் எந்தப் பக்கமும் உருளுவதாக இல்லை. இடது பையிலிருந்து எல் எழுத்தை எடுத்தேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"சிவா, அதை மற்றப் பக்கம் ஒட்டும்."

"என்ன?"

"அந்த எழுத்து. மற்றப் பக்கம். எனக்காக."

ஆஸ்திரேலியர்களின் பகிடி எனக்கு எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கும். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்தினார். சிரித்துக்கொண்டே எழுத்தை ஒட்டினேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவரால் பாதிதான் இழுக்க முடிந்தது. படம் எடுத்தேன். அவரை அவசரப் பிரிவுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

ஃபிலிம் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்தபோது ஃபிலோமினா அக்கா பக்கத்தில் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். ஒளிப்பலகையில் மாட்டினார். எக்ஸ்ரே படத்தை நோயாளி நமக்கு எதிரே நிற்பதுபோலப் பார்க்க வேண்டும். அவருடைய இடது நமக்கு வலது கைப்பக்கம் வரும். எல் எழுத்து எங்களுக்கு வலது கைப்பக்கம்தான் இருந்தது. அதே பக்கத்து நுரையீரல் சுருங்கி, சுற்றிலும் காற்று நின்றது. ஆனால் இதயம் எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

அக்கா ஃபிலிமைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்டினார். இதயம் எல்லாருக்கும் இருக்கும் இடத்துக்கு வந்தது. எல் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி, தவறான பக்கத்துக்குப் போனது.

"இருட்டறைக்கு வா."

போனேன். கதவைச் சாத்தினார்.

"சீட்டுல வலி எந்தப் பக்கம்னு போட்டிருக்கு?"

"வலது, அக்கா."

"திருப்பிப் போட்டா நுரையீரல் எந்தப் பக்கம் சுருங்கியிருக்கு?"

"வலது."

"ஹார்ட்டும் சரியா வருது, வலியும் சரியா வருது. உன் லெட்டரு மட்டும் வேற கதை சொல்லுது-லா. இதுக்கு என்ன அர்த்தம்?"

நான் சரியாக ஒட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில்தான் நெவ் கேட்டது நினைவுக்கு வந்தது. மற்றப் பக்கம் ஒட்டச் சொன்னார்; நான் சிரித்தேன்; சிரித்துக்கொண்டே எந்தப் பக்கம் ஒட்டினேன்? அவர் சொன்ன சொல் என் கையை இழுத்துவிட்டதா? சாப்பிடும் கையை நினைத்தேனா, மறந்தேனா? பெட்டியை அதற்குள் வேறொருவர் எடுத்துப் புது ஃபிலிம் போட்டுவிட்டார். போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

"திருப்பி எடுக்கட்டே, அக்கா?"

"ஒரு லெட்டருக்காக அந்த மனுஷன் மேல இன்னொரு தடவை கதிர் அடிப்பியா? வெளிய எத்தனை பேரு உக்காந்திருக்காங்க பாரு."

மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுத்தார். எல் எழுத்தை அடித்து, ஆர் என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். தவறாக ஒட்டிய எழுத்தை அன்று அப்படித்தான் திருத்துவோம்.

"நீயே கொண்டுபோய்க் குடு. வழியில மறுபடி திருப்பிப்புடாத."

கொண்டுபோனேன். இளம் டாக்டர் படத்தை ஒளிக்கு எதிரே பிடித்தார். வலது நுரையீரல் சுருங்கிவிட்டது, உடனே வலது பக்கம் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று தாதியிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நோயாளிகள் குவிந்திருந்த மாலை அது. பிளாஸ்டருக்கு மேலே முதுகுப்பக்கமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சற்றுக் கேட்டதோடு அவருடைய பரிசோதனை முடிந்திருந்தது. தாதி தட்டை எடுக்க நகர்ந்தார். திரைக்குள் நானும் நெவ்வும் மட்டும் நின்றோம்.

"நெவ், நான் எழுத்தை எந்தப் பக்கம் ஒட்டினனான்?"

"நான் கேட்ட பக்கம்தானே. டொக்டர் வலது எண்டு சொன்னது கேட்டுது. பெரிய உதவி, மேட்."

அப்போது நான் உண்மையிலேயே நம்பினேன், தவறாக ஒட்டியது நான்தான் என்று. நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கா சரி, படம் சரி, நான் பிழை. பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் அவர் ஏன் நன்றி சொல்கிறார்?

"நீர் ஏன் அப்பிடிக் கேட்டனீர்?"

அவர் திரையைப் பார்த்தார். என் கையைப் பிடித்து, பிளாஸ்டரின் மேல், தன் வலது மார்பில் வைத்து அழுத்தினார். உள்ளே இதயம் தடதடவென்று அடித்தது. இடது பக்கம் மாற்றி வைத்தார். ஒன்றும் இல்லை.

"பள்ளிக்கூடத்து டொக்டர் கண்டுபிடிச்சவர். எனக்குப் பன்னிரண்டு வயசு. இவன் இனி விளையாடக் கூடாது எண்டு அம்மாவிட்டைச் சொன்னார். பிறகு ஒருத்தருக்கும் காட்டேல்லை. நீர் சொல்லிப்போடாதேயும். ஒரே ஒரு சனிக்கிழமை, சிவா."

"அப்ப நோவு எந்தப் பக்கம்?"

"இடது. படத்தோடை ஒத்துவரட்டும் எண்டுதான் வலது எண்டு சொன்னனான்."

"அவை வலது பக்கத்திலை ஓட்டை போட்டுக் குழாய் விடப்போயினம்."

"குழாயோ?" அவருடைய பெரிய முகம் சிறிதாகிப்போனது. "விலா எலும்பு எண்டால் பிளாஸ்டர் ஒட்டித்தானே அனுப்புறவை."

டாக்டர் உள்ளே வந்தார். பிளாஸ்டரை வெட்டி விலக்கினார். தாதி வலது விலாவில் பழுப்பு மருந்தைத் தடவினார். நல்ல நுரையீரல் இருக்கும் பக்கம். "டொக்டர்," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் தலைவி கையெழுத்திட்ட படம் அவருக்குப் பின்னால் தொங்கியது. எந்த வாக்கியத்தை எந்த முனையில் தொடங்குவது? படம் பிழை என்பதா, படம் சரி, எழுத்துப் பிழை என்பதா, எழுத்துச் சரி, திருத்தம் பிழை என்பதா?

மண்வெட்டி போன்ற ஒரு கை எழுந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தது.

"மற்றப் பக்கம், டொக்டர்," என்றார் நெவ். "நான் உள்ளுக்கை மாறிப் பிறந்தவன். இவர் சரியாத்தான் எடுத்தவர்."

டாக்டர் வலது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடதில் வைத்தார். மறுபடி வலதில் வைத்தார். இடது பக்கம் குழாய் போட்டார்கள். காற்று போத்தல் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. அவருடைய மூச்சு மெல்லச் சீரானது. செய்தி பரவி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகவிருந்த டாக்டர்கள்கூட ஒவ்வொருவராக ஸ்டெதஸ்கோப்போடு வந்தார்கள்.

"பாக்க வாறவைக்கு டிக்கட் வித்து விடும், சிவா," என்றார் நெவ், குழாயோடு படுத்துக்கொண்டே.

அன்றைய நாட்குறிப்பில் 'இடது' என்று எழுதி வெட்டி, 'வலது' என்று எழுதி அதையும் வெட்டியிருக்கிறேன். வேறு எந்த நாளிலும் என் குறிப்பில் வெட்டு இல்லை.

அடுத்த நாள் மலர் கட்டிக்கொடுத்த சோற்றோடு வார்டுக்குப் போனேன். அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார். மகனுக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டு வேறு பள்ளியில் சேர்த்தாராம். பெரியவனானபின் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை என்று அறிவிக்கும் நாளில் சூட்கேஸைத் தூக்கிவிடுவார். மாநில அணியில் பெயர் வந்தபோதும் அதுதான், முழங்காலுக்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டர் சுற்றியதும் அடிபடாமல் இருக்க அல்ல. உடைமாற்றும் அறையில் யாராவது விளையாட்டாகக் கட்டிப்பிடித்து, துடிப்பு இடம் மாறியிருப்பதை உணர்ந்துவிடக் கூடாதே என்பதற்காக.

"இண்டைக்குக் காலமை பெரிய டொக்டர் வந்தவர்," என்றார். "இதயம் நல்லா வேலை செய்யுதாம். பக்கம் மாறியிருக்கிறது மட்டும் விளையாடாமல் விடுறதுக்குக் காரணமில்லையாம்."

"நல்ல விஷயம்தானே."

"அப்ப நான் எதுக்கு ஒளிச்சனான்?"

நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பள்ளிக்கூட டாக்டர் தெரியாமல் சொன்னாரா, வேறு ஏதாவது பார்த்துத்தான் சொன்னாரா, அம்மா பயத்தில் கூட்டிச் சொன்னாரா? கேட்க யாரும் இல்லை. அந்த டாக்டரும் இல்லை, அம்மாவும் இல்லை. மறு சனிக்கிழமை நெவ் குழாயோடு படுத்திருந்தார். தேர்வாளர் வந்து இரண்டாம் பாதி முழுவதும் பார்த்தார் என்று ஓர் அணிக்காரர் சொன்னார். வரவே இல்லை, சிட்னியில் விமானம் தவறிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். நெவ் இரண்டையும் கேட்டுத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஃபிலோமினா அக்கா என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். அந்தப் படம் அவர் கையில் இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தன் மஞ்சள் எழுத்தையும் கையெழுத்தையும் துடைத்துக்கொண்டிருந்தார். எல் எழுத்தைத் துடைக்க முடியாது. அது ஃபிலிமுக்குள் இருந்தது.

"சரியாத்தானே ஒட்டின. ஏன் என்கிட்ட சண்டை போடல?"

"சரியா ஒட்டினனான் எண்டு எனக்கே தெரியேல்லை, அக்கா."

"நான் சொன்னதாலயா?"

"நீங்கள் சொன்னது, சீட்டிலை எழுதியிருந்தது, படம், அவர் கேட்டது... எல்லாம் ஒரு பக்கம் நிண்டுது."

அவர் நெடுநேரம் துடைத்தார். "நானும் எழுத்தை முதல்ல பாக்கறவதான்," என்றார் கடைசியில், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "அன்னைக்கும் முதல்ல பாத்தேன். பாத்துட்டு நம்பல."

சில வாரங்கள் கழித்து நெவ் கடைசிப் பரிசோதனைப் படத்துக்காக வந்தார். அது நன்றாக இருந்தால் மறுபடி ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பருவத்தில் ஓர் ஆட்டம்தான் மீதி. தேர்வாளர் எவரும் பார்க்காத ஆட்டம். அதை ஆடிவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். நெஞ்சில் பிளாஸ்டர் இல்லை. சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெறும் நெஞ்சோடு அறையின் நடுவில் நின்றார். அப்படி நிற்பது அவருக்குப் பழக்கமில்லை என்பது கைகளை வைத்திருந்த விதத்தில் தெரிந்தது.

பெட்டிக்கு முகம் கொடுத்து நிறுத்தினேன். எல் எழுத்தை எடுத்தேன். சாப்பிடும் கையை நினைத்தேன். ஆனாலும் கை பாதி வழியில் நின்றுவிட்டது. எத்தனையோ நெஞ்சுகளுக்கு ஒட்டிய கை, இந்த ஒரு நெஞ்சுக்கு முன்னால் எது இடது என்று யோசித்துக்கொண்டு நின்றது.

"இஞ்சை தாரும்," என்றார்.

வாங்கி, தன் இடது தோளுக்கு மேலே பெட்டியின் மூலையில் தானே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். நாடியைத் தூக்கினார். நான் சொல்லுமுன்பே மூச்சை முழுவதுமாக இழுத்துப் பிடித்தார்.

படம் வந்தது. ஃபிலோமினா அக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"லெட்டர் ஏன் சாஞ்சிருக்கு?"

"அவரே ஒட்டினவர், அக்கா."

இரண்டு நுரையீரல்களும் முழுதாக விரிந்திருந்தன. இதயம் தவறான பக்கத்தில் இருந்தது. அக்கா ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்தார். திருப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொஞ்சம் நேராக்கி, அப்படியே மாட்டிவிட்டுக் கையை எடுத்தார்.